புதுக் கணினிக்கு மாறும்போது: கோத்தகிரியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் பத்தொன்பது வருடமாக வீட்டுக் கணினிகளைப் பழுது பார்த்து வருகிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து "புதுசு வாங்கப் போறேன், என்னென்ன வேணும்?" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். ஒவ்வொருவருக்கும் சொன்னதையே இங்கே எழுதி வைக்கிறேன். சமவெளிக் கடைகளில் சொல்லும் ஆலோசனை பாதிதான் நமக்குப் பொருந்தும். மீதியை நம் ஊர் மழையும் மூடுபனியும் மின்சாரமும்தான் முடிவு செய்கின்றன.

எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?

எல்லோரும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் இதைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். முதலில் பழைய கணினியை ஆன் செய்து, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். போட்டோக்கள், பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன்கள், பச்சைத்தேயிலைக் கணக்கு, வீட்டுப் பத்திர நகல், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், பிரிண்டரின் மாடல், எந்த ஃபான்டில் தமிழ் அடித்தீர்கள் என்பது வரைக்கும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம் நான் ஒரு தப்புச் செய்தேன். ஒரு அம்மாவின் கணினியை ஃபார்மேட் செய்வதற்கு முன்னால் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையும் நகலெடுத்தேன். சி டிரைவில் தனியாக, பெயரே மாற்றாமல், "நியூ ஃபோல்டர்" என்று ஒன்று இருந்திருக்கிறது. இறந்துபோன அவர் கணவரின் கடைசி வருடப் படங்கள் அதற்குள்தான் இருந்தன. மீட்பு மென்பொருள் போட்டு மூன்று நாள் உட்கார்ந்தும் கால்வாசிதான் கிடைத்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அன்றிலிருந்து கணினிக்குச் சொந்தக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு டிரைவையும் சேர்ந்து திறந்து பார்த்த பிறகுதான் எதையும் அழிக்கிறேன். நீங்களே செய்தாலும் வேறு ஆளை வைத்துச் செய்தாலும் இந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

பழையதிலேயே விண்டோஸ் 11 ஏறாதா? கட்டாயம் புதுசுதான் வாங்கணுமா?

கட்டாயமில்லை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸரிலிருந்துதான் ஒத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்டின் "பிசி ஹெல்த் செக்" என்ற இலவச மென்பொருளைப் போட்டால், ஏறுமா ஏறாதா என்று அதுவே சொல்லிவிடும். சில கணினிகளில் டிபிஎம் இருக்கும், ஆனால் பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) அணைத்து வைத்திருப்பார்கள். அதை ஆன் செய்தாலே போதும்.

ஏறவில்லை என்றால், நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்து 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-லேயே ஓட்டலாம். அது தற்காலிக ஏற்பாடுதான்.

பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப் சும்மா கிடக்கிறது. உதவுமா?

நன்றாக உதவும். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் மலையில் பல வீடுகளில் பீரோ மேலே தூங்குகின்றன. ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டு, ரேமை 4 ஜிபி ஆக்கி, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் பிரவுசர், கடிதம், வீடியோ, கணக்கு எல்லாம் ஓடும். மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வகையைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, சார்ஜரில் ஓட்டலாம்.

புதுக் கணினி வந்த பிறகும் இதை வைத்திருங்கள். புதியது சர்வீஸுக்குக் கோயம்புத்தூர் போனால் திரும்பி வர நாளாகும்.

சரி, புதுசுதான் வாங்குகிறேன். குறைந்தபட்சம் என்ன இருக்கணும்?

விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும். அந்த அளவோடு வாங்கினால் ஆறு மாதத்தில் வருத்தப்படுவீர்கள். வீட்டு வேலைக்கு 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள் என்றால் ரேம் 16 ஆக இருக்கட்டும். பிராசஸரில் ஒரு படி இறங்கி, அந்தப் பணத்தை யுபிஎஸ்ஸுக்கும் பேக்கப் டிஸ்குக்கும் ஒதுக்குங்கள். இந்த ஊரில் பிராசஸர் மெதுவாக இருந்ததால் அழுத ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

"இவ்வளவு உயரத்தில் ஹார்ட் டிஸ்க் ஓடுமா?" என்றும் கேட்கிறார்கள். சாதாரண டிஸ்குகள் சுமார் 3000 மீட்டர் வரை ஓடும்படி செய்யப்படுகின்றன. தொட்டபெட்டா உச்சியே 2637 மீட்டர்தான். மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதே என்று பயப்பட வேண்டாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து எடுத்து வந்ததும் உடனே போடலாமா?

சூடான ஊரிலிருந்து குளிரான ஊருக்கு வந்த பொருளில் தண்ணீர் கோக்காது. அது நேர்மாறாக நடப்பது. ராத்திரி முழுக்க காரின் டிக்கியில் குளிர்ந்து கிடந்த பெட்டியை, காலையில் ஹீட்டர் ஓடும் அறைக்குள் அல்லது இட்லி வேகும் சமையல்கட்டுப் பக்கம் கொண்டுவந்து பிரித்தால், உள்ளே பொடிப்பொடியாக நீர் முத்துக் கட்டும். டிசம்பர், ஜனவரியில் கண்கூடாகப் பார்க்கலாம். அதனால் பெட்டியைப் பிரிக்காமலேயே அறைக்குள் நாலைந்து மணி நேரம் வையுங்கள். அப்புறம் பிரித்துப் போடுங்கள். பெட்டியையும் தெர்மோகோலையும் வாரண்டி முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். மலையிறங்கி சர்வீஸுக்குப் போக அதுதான் மெத்தை.

யுபிஎஸ் கட்டாயமா? எத்தனை விஏ?

டெஸ்க்டாப் என்றால் கட்டாயம். லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே யுபிஎஸ்.

விஏ என்பது யுபிஎஸ்ஸின் திறனைச் சொல்லும் அளவு. மானிட்டரும் சிபியுவும் மட்டும் உள்ள வீட்டுக்கு 600 விஏ போதும். 600 விஏ என்று எழுதியிருந்தாலும் அது தாங்குவது சுமார் 360 வாட்தான், பின்னால் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வீட்டு டெஸ்க்டாப் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடப் பல சமயம் தொடாது. புது பேட்டரியில் கால் மணி நேரம் கிடைக்கும். அந்த நேரம் எழுதியதைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கு. படம் பார்த்து முடிப்பதற்கு அல்ல.

லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் சொருகாதீர்கள். சூடேறும்போது அது இழுக்கும் மின்சாரத்துக்கு யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி பலவீனமாகும். மாதம் ஒருமுறை, முக்கிய வேலை ஏதும் திறந்திராதபோது, சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். ஈயம் உள்ள பொருள், ஓடையோரம் போகக்கூடாது.

எஸ்டேட் பக்க மின் லைன்களில் வோல்டேஜ் இறங்குவது சகஜம். "லைன் இன்டராக்டிவ்" வகை யுபிஎஸ் அதைத் தானே சரிசெய்யும், தனி ஸ்டெபிலைசர் வேண்டாம்.

அப்புறம் எர்த். சிபியு பெட்டியின் இரும்பை விரலின் பின்பக்கத்தால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். எறும்பு ஊர்வதுபோல் சுர்ரென்று இருந்தால் உங்கள் பிளக்கில் எர்த் இல்லை. மூன்று முள் பிளக் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எஸ்டேட்டின் பழைய லைன் வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. கணினி வாங்கும் முன் எலெக்ட்ரீஷியனை ஒரு தடவை கூப்பிடுங்கள்.

இடி விழும்போது யுபிஎஸ் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. கோடை மழையிலும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இடிச் சத்தம் கேட்டதுமே பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. நெட் செம்புக் கம்பியில் வந்தால் அந்த ஒயரையும் உருவுங்கள். ஃபைபர் இழைக்குள் வருவது ஒளி என்பதால் அதன் வழியே மின்சாரம் வராது, ஆனால் ரவுட்டரின் அடாப்டர் வழியே வரும். அதையும் எடுங்கள்.

ரவுட்டருக்குத் தனியாக ஏதும் வேணுமா?

12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். கைக்குள் அடங்கும், ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சில மணி நேரம் கொடுக்கும். கரண்ட் போனாலும் ஆன்லைன் வகுப்பு நிற்காது.

வைஃபை பற்றி ஒன்று. பழைய பங்களாக்களின் கருங்கல் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும், அதற்குப் பின்னால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை போகவே போகாது. பூஸ்டர் மேல் பூஸ்டராக வாங்குவதைவிட, ஜன்னல் ஓரமாக ஒரு கேட் 6 நெட் ஒயர் இழுத்துவிடுவது மேல். டெஸ்க்டாப் வாங்கும்போது மதர்போர்டில் வைஃபை உள்ளதா என்றும் கேளுங்கள், பலவற்றில் இருக்காது.

ஈரத்துக்கு என்ன செய்யலாம்?

கணினியை வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அதன் சூடே அதை உலர்த்தும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகளிலிருந்து வரும் கணினிகளில் பாதி, "பீப் பீப்" என்று கத்திக்கொண்டு திரை வராமல் நிற்பவை. ரேமின் பொன்னிறப் பற்களில் மங்கலாகப் படிந்திருக்கும். பிளக்கை உருவிவிட்டு, ரேமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பென்சில் அழிப்பானால் பற்களை மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துத் திரும்பப் பொருத்தினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். இதற்குப் போய் புது மதர்போர்டு வாங்கியவர்களை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை.

மேசையை வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். துணி உறை போட்டு மூடினால் ஈரத்தை உள்ளேயே அடைத்ததுபோல் ஆகும். பேக்கப் டிஸ்க், பெண்டிரைவ், கேமரா எல்லாவற்றையும் காற்றுப் புகாத மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் ஈரம் பிடித்ததைக் கண்ணால் பார்க்கலாம்.

கல்யாண சிடி, டிவிடி இருக்கிறது. புது லேப்டாப்பில் போட இடமே இல்லையே?

யுஎஸ்பியில் சொருகும் டிவிடி டிரைவ் தனியாகக் கிடைக்கிறது. கிடைத்த கையோடு எல்லாத் தட்டுகளையும் நகலெடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் சிடி மேல் பூஞ்சை மரக்கிளைபோல் படரும். ஓரத்தில் தொடங்கும்போது காப்பாற்றலாம், நடுவுக்கு வந்தால் கஷ்டம். மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும்.

பழைய தமிழ் கோப்புகள் புதுக் கம்ப்யூட்டரில் கிறுக்கலாக வருகின்றன. அழிந்துவிட்டதா?

அழியவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயந்துபோய்க் கோப்பையே அழித்தவர்கள் இருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கிராமச் சங்கத்தின் செயலாளர், எழுபதைத் தாண்டியவர், புதுக் கணினியோடு வந்தார். பன்னிரண்டு வருடக் கூட்டக் குறிப்புகள், கோயில் திருவிழாக் கணக்கு, தமிழ் எழுத்தில் அவர் அடித்துவைத்த படுகு மொழிப் பாட்டுகள். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த வரிகள். "தம்பி, எல்லாம் போச்சா?" என்றபோது அவர் கை நடுங்கியது.

விஷயம் இதுதான். எல்லாக் கணினியும் ஒரேபோல் புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற ஃபான்டுகளில் தமிழ் அடித்தோம். அவற்றில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். ஃபான்ட் அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. புதுக் கணினியில் அந்த ஃபான்ட் இல்லாததால் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிகிறது. பழைய கணினியில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் "ஃபான்ட்ஸ்" என்பதைத் திறந்து, அந்த ஃபான்டை நகலெடுத்துப் புதியதில் நிறுவினால் எழுத்து திரும்பிவிடும். அவருக்கும் அப்படித்தான் திரும்பியது. முதல் பக்கம் தெரிந்ததும் அவர் அதைச் சத்தமாக வாசித்தார்.

அதோடு நிற்காமல் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. எந்த ஃபான்ட் என்று சரியாகத் தேர்ந்தெடுத்தால் நொடியில் மாறும். மாற்றிய பின் பெயர்களையும் தொகைகளையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவேளை எங்காவது துணைக்கால் இடம் மாறியிருக்கலாம். யூனிகோடு ஆனபிறகு தேடவும் முடியும், போனில் படிக்கவும் முடியும். தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது.

பழைய ஃபான்ட் உள்ள கணினியை விற்றபிறகு வருகிறவர்களுக்குத்தான் எனக்கு அதிக வேலை. அந்த ஃபோல்டரை முதல் நாளே எடுத்து வையுங்கள்.

தமிழ் அடிக்க இப்போது எது நல்லது?

விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது. செட்டிங்ஸில் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகையாகத் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரமாக்கப்பட்டது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். புள்ளி பெரும்பாலும் தானே விழும். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு. பிள்ளைகளுக்கு முதலிலிருந்தே இதைப் பழக்குங்கள் என்பது என் வேண்டுகோள். ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்கள் அதையே தொடரலாம். சாவியில் ஒட்டத் தமிழ் ஸ்டிக்கர் கிடைக்கிறது. கண்ணும் விரலும் ஒத்துழைக்காத பெரியவர்கள் குரோமில் கூகுள் டாக்ஸைத் திறந்து, மைக்கை அழுத்தித் தமிழில் பேசலாம், அது எழுதிக்கொள்ளும்.

ஆபீஸ் மென்பொருள் காசு கொடுத்து வாங்கணுமா?

வீட்டுக் கடிதத்துக்கும் தேயிலைக் கணக்குக்கும் லிப்ரே ஆபீஸ் போதும், இலவசம். வேர்ட், எக்செல் கோப்புகளைத் திறக்கும். அலுவலகத்தோடு கோப்பு பரிமாறுகிறவர்கள் மட்டும் மைக்ரோசாஃப்டைக் காசு கொடுத்து வாங்குங்கள். வீடியோவுக்கு விஎல்சி, ஜிப் கோப்புக்கு 7-ஜிப். வைரஸுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும்.

திருட்டு விண்டோஸ், கிராக் செய்த ஆபீஸ் வேண்டாம். "கடையிலேயே சும்மா போட்டுத் தர்றாங்க" என்பார்கள். அந்தக் கிராக் ஓடுவதற்கு முதலில் டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும். பூட்டைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் விடுவது யாரை என்று உங்களுக்குத் தெரியாது, அதே கணினியில்தான் வங்கிக் கணக்கும் பார்க்கிறீர்கள். காசு இல்லை என்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள்.

டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் பழைய கணினியில் லைசென்ஸை முதலில் சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும்.

திடீரென்று "ரிகவரி கீ கொடு" என்று கேட்கிறதே?

விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், பல கணினிகளில் டிஸ்கைத் தானாகவே பூட்டிவிடும். மதர்போர்டு மாற்றினாலோ சில அப்டேட்டுக்குப் பிறகோ 48 இலக்க எண் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும். கடைக்காரர் தன் மெயில் ஐடியைப் போட்டுக் கணினியைத் தொடங்கித் தந்திருந்தால் எண் அவரிடம் போய்விடும். ஆகவே முதல் நாள் உங்கள் சொந்தக் கணக்கில் மட்டுமே தொடங்குங்கள். அந்த எண்ணைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். எண் இல்லாவிட்டால் நானும் திறக்க முடியாது, யாரும் திறக்க முடியாது.

பிரிண்டர் எது?

மாதம் பத்துப் பக்கம்தான் என்றால் கறுப்பு வெள்ளை லேசர். இங்க் டேங்க் வகையில் வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுக்காவிட்டால் நுனி காய்ந்து அடைத்துக்கொள்ளும். காகிதத்தை டிரேயில் விடாதீர்கள். மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் ஈரம் ஏறி ஓரம் சுருளும், மறுநாள் சிக்கும்.

பழைய மானிட்டரைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. பழையதில் விஜிஏ மட்டும் இருந்து, புதியதில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால், நடுவில் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சிறு கன்வெர்ட்டர் வேண்டும். எதிர்த்திசையில் மாற்றும் ஒன்றும் அதேபோலவே இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

பேக்கப் எங்கே வைப்பது?

மூன்று இடத்தில். கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, மலைக்கு வெளியே ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். 2009 நவம்பர் மண்சரிவு இங்கே யாருக்கும் மறந்திருக்காது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் பெய்தது. வீட்டோடு போனால் கணினியும் டிஸ்கும் சேர்ந்தே போகும். கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம், பத்திரங்களுக்கும் முக்கியப் படங்களுக்கும் அது போதும். பெரிய வீடியோக்களை இன்னொரு டிஸ்கில் போட்டு, கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ இருக்கும் அக்கா வீட்டில் கொடுத்து வையுங்கள். பொங்கலுக்குப் போகும்போது புதுப்பித்துக்கொள்ளலாம்.

பழைய கணினியை எப்போது கொடுத்துவிடலாம்?

புதியதில் இரண்டு மாதம் வேலை செய்த பிறகு. அதற்குள் "அந்த ஃபைல் எங்கே?" என்று குறைந்தது மூன்று முறையாவது தேடுவீர்கள். கொடுக்கும்போதும் ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள். யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டால் வெளி டிஸ்க் ஆகிவிடும். டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்க் என்றால் தனி பவர் அடாப்டர் உள்ள கேஸ் வாங்குங்கள். மேலே ஒரு காகிதம் ஒட்டி, எந்த வருடம் வரையிலான படங்கள் என்று பேனாவில் எழுதி, சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு மூடுங்கள்.